வால்வுக்குப் பின்னால் ஒரு கை

வங்கியில் நான் குமாஸ்தா. சாயங்காலம் மொத்தம் டேலி ஆனால் கணக்கு சரி. ஒருத்தர் பணம் இன்னொருத்தர் கணக்கில் விழுந்திருந்தாலும் மொத்தம் டேலி ஆகும். தண்ணிக் கணக்கும் அப்படித்தான்.

2019 ஆகஸ்ட் 15இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய், ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்கிறது. எந்த ஊரில் எத்தனை குழாய் என்று டில்லியிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். நீர்மட்டம், ஓட்டம், அழுத்தம், குளோரின் எல்லாவற்றையும் அளந்து அனுப்ப சென்சார் வேறு. வரட்டும். நான் கம்ப்யூட்டருக்கு விரோதியில்லை.

ஆனா சென்சாரை எங்கே மாட்டுவாங்க? தொட்டியடியில் மாட்டினால் வெளியேறிய தண்ணி தெரியும். அதுக்கப்புறம் வால்வு. வால்வைத் திருப்ப ஒரு கை. அந்தக் கைக்குச் சாதி உண்டு. ஊரில் முக்கால்வாசிப் பேர், சேரியில் கால்வாசி என்று வையுங்கள். ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர், நமக்கு 10. சராசரி? சரியாக 55! திரையில் பச்சை. தலித் பெரும்பான்மைக் கிராமங்களுக்கு முன்னுரிமையாம். நாம் எத்தனை ஊரில் பெரும்பான்மை? கடைக்கோடியில் ஒரு தெரு, அவ்வளவுதான்.

மகாத் நகராட்சி 1924லேயே பொதுக்குளத்தை எல்லோருக்கும் திறந்து தீர்மானம் போட்டது, காகிதத்தில். 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் போய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடித்த தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகே தெரிந்தது. (2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அவ்வூர் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வைத்ததையும், அந்த மக்கள் அதை ஏற்காததையும் தனியே எழுத வேண்டும்.) முறையாகக் குளோரின் போட்ட தண்ணியில் அசுத்தம் சேர்ந்தால் குளோரின் அளவு இறங்கும், சென்சார் காட்டும். அதனால்தான் கருவி வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எச்சரிக்கை அதிகாரி மேசைக்கு மட்டும் போனால் போதாது. குடிக்கிறவளின் செல்போனுக்கும் வரணும்.

இன்ஜினியரிங் படிக்கும் தோழர்களே, சேரிக் குழாயின் கடைசி வீட்டில் மீட்டர் கேளுங்கள். மார்ச் 22 கிராம சபையில் தெருவாரியாகக் கணக்குக் கேளுங்கள். மீட்டர் வரும்வரை ஒரு நோட்டு போதும்: தேதி, திறந்த நேரம், மூடிய நேரம், எத்தனை குடம்.

எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. குடத்துக்கு ஒன்றாகச் சுவரில் கரிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன். நேத்து நாலு. இன்னிக்கு ரெண்டு.