அந்த ஒரு மணி நேரம்



போன மாதம் ஒரு வாசகி நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனின் அறிவியல் நோட்டு. உட்கார்ந்ததுமே அதைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

'மின்னோட்டம்' என்ற சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தான். ஒன்றில் 'ன்' இல்லை. இன்னொன்றில் 'ட்' காணாமல் போயிருந்தது. மூன்றாவதை அடித்து, திரும்ப எழுதி, மறுபடியும் அடித்திருந்தான். பேனா அழுந்தி அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"இதே பாடத்தை வாயால கேட்டுப் பாருங்க. மோட்டார் எப்படி ஓடுதுன்னு பிட்டுப் பிட்டு வைப்பான். எங்க வீட்டு மிக்சி நின்னுபோனா அவன்தான் கழட்டிப் பார்ப்பான். எழுதச் சொன்னாத்தான் இப்படி" என்றார்.

டாக்டரிடம் காட்டியிருக்கிறார். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியாவும் டிஸ்கிராஃபியாவும், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டோடு பள்ளிக்குப் போனால் கிடைத்த பதில்: "இதெல்லாம் ஊனத்துல வராதும்மா. கொஞ்சம் அக்கறையா உட்கார வெச்சுப் படிக்க வைங்க."

அப்படிச் சொன்னவரை நான் கெட்டவர் என்று நினைக்கவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது சரியான பதிலாகவே இருந்திருக்கும். 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தவை மொத்தம் 7 வகைக் குறைபாடுகள். கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் கிடையாது. 2016-ல் புதுச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது பட்டியலில் 21 வகைகள். கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் அதில் உண்டு. சட்டம் மாறிவிட்டது. பள்ளி அலுவலக அறைக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா போன பிறகும் என் மனதை அரித்தது இதுதான். பெட்ரோல் விலை ஐம்பது பைசா ஏறினால் ராத்திரிக்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தங்கம் விலை தினம் காலையில் போனுக்கு வருகிறது. நம் பிள்ளையின் படிப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னால் அது மட்டும் ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை?

"கோர்ட்டு கச்சேரியெல்லாம் நமக்கெதுக்கு" என்று ஒதுங்கிப் பழகிவிட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை வழக்குப் போட்டு, வருஷக்கணக்கில் அலைந்து, வாங்கிய தீர்ப்பு நம் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 141-வது பிரிவு சொல்கிறது. நாம் வக்கீல் வைக்காமல், ஒரு ரூபாய் செலவழிக்காமல், நமக்காக வெளியாகியிருக்கும் தீர்ப்புகள் அவை. எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

2021 பிப்ரவரியில் வந்த ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் பிரச்சினை உள்ள ஓர் இளைஞர். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு, சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த 40 சதவீதம் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான அளவுகோல். எழுத முடியாத ஒருவருக்கு எழுத உதவி தருவதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கென்று தனி வழிகாட்டு விதிமுறைகளே வெளியிட்டது. 2025 பிப்ரவரியில், வங்கித் தேர்வு எழுதும் ஒருவர் தொடுத்த வழக்கில், இந்த உரிமை எல்லாத் தேர்வுகளிலும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்று நீதிமன்றம் மறுபடி வலியுறுத்தியது.

"சதவீதம் குறைவு, அதனால உங்க பையனுக்கு ஒண்ணும் கிடையாது" என்று எத்தனை பெற்றோரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! இந்த ஒரு தீர்ப்பு தெரிந்திருந்தால் அவர்கள் அப்படியே திரும்பி வந்திருப்பார்களா?

இன்னொரு வழக்கு உண்டு. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2021-ல் ஒரு மாணவி நீட் தேர்வு எழுதப் போகிறார். டிஸ்கிராஃபியா உள்ள பெண், சான்றிதழும் இருக்கிறது. விதிப்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்த்து அவர் விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதற்கு என்ன பரிகாரம் என்று ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி தேர்வு நடத்தும் முகமையிடம் சொன்னது. மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த விதிகளைச் சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டும் என்றது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. லட்சக்கணக்கானோர் எழுதிய தேர்வை ஒருவருக்காகத் திரும்ப நடத்த முடியாது என்பது அதன் நிலை.

ஆக, நியாயம் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தீர்ப்பு நம் கைக்குத் தேர்வுக்கு முன்பே வந்துசேர வேண்டும். ஹால் வாசலில் நின்று வாதாடுகிற பலம் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஏது?

ஆசிரியர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண ஆசிரியர் ஒருவர் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வார்? சிறப்பாசிரியர்கள் தொடுத்த வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. சிறப்புத் தேவை உள்ள இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் வகுத்து, நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொன்னது. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசும் 2022-ல் அறிவித்தது. ஆனாலும் பல மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடி கூப்பிட்டு, பணியிடங்களின் எண்ணிக்கையை மூன்று வாரத்துக்குள் அறிவிக்கச் சொன்னது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? ஒருவரே எத்தனை பள்ளிகளைச் சுற்றுகிறார்? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். அந்த ஆசிரியரே உங்களுக்கு நன்றி சொல்வார்.

தனியார் பள்ளியில் படிக்க வைப்பவர்கள், "இதெல்லாம் கவர்மென்ட் ஸ்கூலுக்குத்தானே" என்று நினைக்க வேண்டாம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளை மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே சொல்கிறது. மெட்ரிக், சி.பி.எஸ்.இ. எல்லாம் அதில் அடக்கம். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டியதும் பள்ளியின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை 17-வது பிரிவில் இருக்கின்றன. "டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க" என்பது எந்தப் பிரிவிலும் இல்லை.

தீர்ப்பு என்றதும் பயப்படாதீர்கள். நூறு பக்கம் இருந்தாலும், என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு பெரும்பாலும் கடைசி சில பக்கங்களில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசம். சில தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பும் வருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'கோர்ட் அதிரடி உத்தரவு' செய்தியை நம்பிக்கொண்டு பள்ளிக்குப் போகாதீர்கள். வழக்கு எண்ணும் தேதியும் இருக்கிறதா, இடைக்கால உத்தரவா இறுதித் தீர்ப்பா என்று பாருங்கள். தவறான தாளை நீட்டினால், அடுத்த முறை சரியான தாளையும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள்.

வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். சண்டை வேண்டாம், மரியாதையாகவே எழுதுங்கள். ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது; திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் இருக்கிறது; மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவரிடம் மனுக் கொடுக்க வக்கீல் தேவையில்லை.

அந்த வாசகிக்கு அன்றே எங்கள் அலுவலகத்தில் 16, 17-வது பிரிவுகளையும் 2021 பிப்ரவரித் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தோம். கடிதத்தை அவரே எழுதினார். ஒரு பக்கம்தான். இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. ஹெச்.எம். தாளை முழுக்கப் படித்தாராம். "இது எனக்கு யாரும் அனுப்பலையேம்மா" என்று சொல்லி, தனக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டாராம். அரையாண்டுத் தேர்விலிருந்தே பையனுக்குக் கூடுதல் நேரம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு அடுத்த வருடம் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதே விண்ணப்பம் போக வேண்டும் என்பதையும் அவரே டைரியில் குறித்துக்கொண்டாராம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு நோட்டு இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அந்தத் தாள்களின் பிரதி இங்கே எங்கள் மேஜையில் எடுத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்