சவலைப் பிள்ளையின் மனம்

தமிழில் ‘சவலை’ என்றொரு சொல் உண்டு. அடுத்த மகவு தாய்வயிற்றில் உருவானமையால் தாய்ப்பால் நின்றுபோய், மெலிந்து வாடும் பிள்ளையைச் ‘சவலைப் பிள்ளை’ என்று நம் முன்னோர் வழங்கினர். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில் வழங்கும் கா மொழியிலும் இதனையொத்த சொல் ஒன்றுண்டு. அங்குப் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்சு அம்மையார், ‘குவாசியோர்க்கர்’ என்னும் அச்சொல்லை 1935ஆம் ஆண்டில் மருத்துவ உலகிற்கு அறிமுகம் செய்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் முன்னைக் குழந்தையைப் பற்றும் நோய் என்பது அதன் பொருள். கடல்கள் பல பிரித்த இரு மக்களினத்தாரும் ஒரே துயரைக் கண்டு பெயரிட்டுள்ளமை சிந்திக்கத்தக்கது.

இச்சொற்கள் உடல்மெலிவைக் குறித்தன. மனமெலிவும் உண்டு என்பதனை வியன்னா நகர உளவியல் அறிஞர் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937) விளக்கினார். தனித்து வளர்ந்த தலைப்பிள்ளை, இளையது பிறந்ததும் அரியணை இழந்த அரசனைப் போலாகிறது என்பது அவர்தம் கருத்து.

இக்கருத்து இன்று நம் இல்லங்களுக்குப் பெரிதும் பொருந்துவதாகும். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. பெரியப்பா மக்களும் சித்தப்பா மக்களும் ஒரே முற்றத்தில் வளர்ந்த காலத்தில், பிள்ளை தன் நினைவறியும் முன்பே யாருக்கேனும் காக்காவாகவோ ராத்தாவாகவோ இருந்தது. இன்றோ ஆறேழு ஆண்டுகள் தனியே வளர்ந்த பிள்ளையிடம், ‘உனக்குத் தம்பி வரப்போகிறான்’ என்று ஒருநாள் அறிவிக்கிறோம். ‘எனக்கு வேண்டாம்’ என்று அது கூறின் சினக்கிறோம். ‘பொறாமை’ என்று பெயரும் சூட்டுகிறோம்.

அது பொறாமையன்று, அச்சமே என்பது நம் துணிபு. அவ்வச்சத்தை வளர்ப்பவர்களும் நாமே. ‘இனி உன்னை யார் கொஞ்சுவார்?’ என்று உறவினர் விளையாட்டாகக் கேட்கின்றனர். மகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் உம்மா, பள்ளியின் பொருட்டுத் தலைப்பிள்ளையை வாப்பாவிடம் விட்டுச் செல்கிறார். திரும்பி வரும்போது அவர் மடியில் வேறொரு குழந்தை! போதாக்குறைக்கு, ‘நீ பெரியவன், விட்டுக்கொடு’ என்னும் கட்டளை வேறு. ஆறு வயதுப் பிள்ளை ஒரே இரவில் பெரியவனாகிவிடுமோ?

‘குழந்தை பிறந்தபின் எல்லாம் தானே சரியாகும்’ என்பர் சிலர். பல வீடுகளில் அங்ஙனம் ஆவதும் உண்மையே. எனினும், காத்திருக்கும் அம்மாதங்களில் பிள்ளை தனியே அழுவதற்கு அது விடையாகாது. செய்தியை முன்கூட்டியே சொல்லுதல், ‘வேண்டாம்’ என்பதைச் சினவாது கேட்டல், தாய்வீட்டிற்கு இடையிடையே அழைத்துச் செல்லுதல், குழந்தை பிறந்தபின் நாள்தோறும் சிறிது நேரமேனும் மூத்ததற்கெனத் தாய் ஒதுக்குதல் ஆகியன செலவின்றிச் செய்யத்தக்கவை. பச்சிளங்குழந்தையைக் காண வருவோர், மூத்ததையும் அருகழைத்து இரண்டு சொல் பேசுதல் நன்று.

பழந்தமிழர் தம்பியை ‘எம்பி’ என்றும் தங்கையை ‘எங்கை’ என்றும் வழங்கினர். ‘எம்’ என்னும் உரிமை அச்சொற்களிலேயே அமைந்துள்ளது. ‘என் உம்மா’ என்று மட்டுமே சொல்லிப் பழகிய பிள்ளை, ‘எங்கள் உம்மா’ என்று சொல்லக் காலம் வேண்டும். அக்காலத்தை அதற்கு அளிப்பது பெற்றோர் கடன்.