கணவாய் ஒரு பிளேட்!

இருபத்தொன்பது வயது வரை நான் மீன் சாப்பிட்டதில்லை. உடனே என்னைச் சுத்த சைவம் என்று நினைத்து வரன் எதையும் அனுப்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆடு உண்டு, கோழி உண்டு. போனஸ் வாங்கிய மாதம் இரண்டும் உண்டு. மீன் மட்டும் கிடையாது. அம்மாவுக்கு அந்தக் கவுச்சி ஆகாது. சேலத்தில் எங்கள் தெருமுனையில் மேட்டூர் டேம் மீன்காரர் வண்டியை நிறுத்தினாலே, இங்கே ஜன்னல் சாத்தப்படும். டேம் மீனுக்கே இந்த மரியாதை என்றால் கடல் மீனைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

அம்மாவைப் பார்த்தே நானும் வளர்ந்தேன். ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் புதன்கிழமை தோறும் டிபன் கேரியரைத் திறப்பார். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு வேறு மாடிக்குப் போய்விடுவேன். (புதன்கிழமைகளில் நான் சுறுசுறுப்பானவன் என்று மானேஜருக்கு ஒரு நம்பிக்கை!)

போன மே மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். அப்பா, அம்மா, தங்கை, நான். தரிசனம் முடிந்து, மறுநாள் காலையில் தூத்துக்குடி வந்து சேர்ந்தோம். சேலம் பஸ் ராத்திரிதான். நடுவில் ஒரு மத்தியானம் சும்மா கிடந்தது.

அப்பா பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. வேலை கிடைத்து சேலம் வந்தவர். அங்கே இப்போது எங்களுக்கென்று யாரும் இல்லை. அப்பா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஹோட்டலில்கூட, "உங்களுக்கு என்னவோ அதையே எனக்கும் சொல்லிடு" ரகம். அன்றைக்கு மட்டும், காஷுவல் லீவ் கேட்கிற குமாஸ்தா மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க ஒரு கடையில சாப்பிடலாமா? உங்க அம்மாவுக்குத் தயிர்சாதம் கிடைக்கும்" என்றார்.

அது ஒரு சின்ன மெஸ். பத்துப் பதினைந்து மேஜை. வாசலிலேயே வாசனை. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். எனக்கும் கர்ச்சீப் கையில் தயார்.

பரிமாறுகிற பையன் ஒரு தட்டில் மசாலா தடவாத மீன்களை அடுக்கிக் கொண்டுவந்து காட்டினான். அப்பா ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். கண்ணை அமுக்கிப் பார்த்தார்.

"ஏ தம்பி, இது நேத்துள்ள மீனுல்லா?"

நான் திரும்பி யார் பேசியது என்று பார்த்தேன். அப்பாவேதான். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பையன் அசடு வழிந்தான். "அண்ணாச்சி உள்ளூரா? உள்ள வெளமீன் இருக்கு, காலம்பற வந்தது" என்று ஓடினான்.

அது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-ல் 45 நாளாகக் கொண்டுவந்தது, 2017-லிருந்து 61 நாள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. எனவே கிடைப்பது கொஞ்சம், விலை அதிகம். அப்பா இதையெல்லாம் மளமளவென்று சொல்லிக்கொண்டே, "சீலா ரெண்டு துண்டு, நெத்திலி ஒண்ணு, கணவாய் ஒரு பிளேட்" என்றார்.

"கணவாயா? கைபர், போலன் எல்லாம் சரித்திரப் பாடத்துலதானே வரும்?" என்றாள் தங்கை.

நம் ஊர் ஹோட்டலில் வஞ்சிரம் என்று போர்டில் எழுதுகிறார்களே, அதற்குத்தான் அங்கே சீலா என்று பெயர். அப்பா ஒரு துண்டைப் பிட்டு, முள்ளைத் தடவி எடுத்துவிட்டு, என் இலை ஓரத்தில் வைத்தார். மூன்று வயசுக் குழந்தைக்கு வைப்பது மாதிரி. எப்படி வேண்டாம் என்பது? மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டேன்.

மூச்சை எத்தனை நேரம் பிடிக்க முடியும்? விட்டேன். கவுச்சியே இல்லை ஸார்!

தங்கை கெமிஸ்ட்ரி படித்தவள். "டிரைமெத்திலமைன்" என்றாள் கெட்ட வார்த்தை மாதிரி. கடல் மீன் செத்த பிறகு, அதன் உடம்பிலிருக்கும் வாசனையில்லாத ஒரு பொருளை பாக்டீரியா இப்படி மாற்றுமாம். அதுதான் நாற்றம். புளியும் எலுமிச்சையும் அதை அடக்கிவிடும். காலையில் பிடித்த மீனில் அது வர நேரமே இல்லை. ஆக, இத்தனை வருஷம் நான் வெறுத்தது மீனை அல்ல, அதன் வயதை!

அப்புறம் நடந்தது அடக்கமாகச் சொல்லக்கூடியதில்லை. நெத்திலியை முறுக்கு மாதிரி நொறுக்கினேன். தேங்காய் அரைத்த குழம்பை மூன்று தடவை ஊற்றச் சொன்னேன். கணவாய் ரப்பர் மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், பஞ்சு. நண்டுதான் என்னைத் தோற்கடித்தது. காலைக் கடித்ததில் அதுவும் உடையவில்லை, என் பல்லும் அதிர்ஷ்டவசமாக உடையவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது அம்மா சாப்பிடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா விளமீன் தலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. கன்னத்துச் சதை, கண்ணுக்குப் பின்னால் இருப்பது, ஒவ்வொன்றாக. இலையில் மிஞ்சியது மியூசியத்தில் வைக்கலாம் போன்ற சுத்தமான எலும்பு.

"கல்யாணமான புதுசுல வாங்கிட்டு வருவாரு" என்றாள் அம்மா என்னிடம். "நீ வயித்துல இருந்தப்போ எனக்கு அந்த வாசனையே ஒத்துக்கல. அன்னைக்கு நிறுத்தினவர்தான்."

அதாவது என் வயசும் அப்பாவின் விரதமும் ஒன்று. கூட ஏழெட்டு மாசம் அவருக்கு சீனியாரிட்டி. நான் நாலாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

"இவ்வளவு பிடிக்கும்னா ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

"சொன்னா நீ ஆக்கிப் போட்டிருப்பே. அப்புறம் ரெண்டு நாள் படுத்திருப்பே."

"வெளியிலயாவது சாப்பிட்டிருக்கலாமில்ல?"

அப்பா விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தனியா என்னத்தச் சாப்பிட."

பில் வந்தது. தொகையைக் கேட்காதீர்கள். நான் கொடுத்தேன். அப்பா சண்டை போடவில்லை; அதுவே அதிசயம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் மார்க்கெட் போகிறோம். மூன்று கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து நிராகரித்து, நாலாவது கடையில்தான் வாங்குவார். கடைக்காரர்கள் எங்களைப் பார்த்தாலே சலித்துக்கொள்கிறார்கள். சமையல் மொட்டை மாடியில், ஒயர் இழுத்துப் போட்ட கரண்ட் அடுப்பில். அம்மா மாடிப் படியின் கடைசிப் படியில், தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி நிற்பாள். மேலே ஏற மாட்டாள்.

போன வாரம் நானும் அப்பாவும் கிரிக்கெட் பேச்சில் மறந்துபோனோம். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க... குழம்பு அடிப்பிடிக்குது, வாசனை வருது பாருங்க! சட்டியை இறக்குங்க!"