ஒரு சாண் தள்ளி நின்ற படகு

மெல்பர்னில் பழைய படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மோட்டாரை. அடுத்து, மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை. படகு உட்கார்ந்திருக்கும் டிரெய்லரைக் குனிந்து பார்க்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். நானும் பார்க்கவில்லை. நாலரை மீட்டர் ஃபைபர் படகு, அறுபது குதிரைசக்தி மோட்டார், அடியில் ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர். "பத்து வருஷமாக இரண்டும் ஜோடியாகத்தான் ஓடுகின்றன" என்றார் விற்றவர். ஜோடி என்றால் பொருத்தம் பார்த்துச் சேர்த்தது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

போன நவம்பரில் ஸ்னாப்பர் மீன் சீசன். பெனின்சுலா லிங்க் நெடுஞ்சாலையில் ஹேஸ்டிங்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். வேகம் தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேல். நீளமான லாரி ஒன்று எங்களைக் கடந்தது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. அதோடு நிற்கவில்லை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பெரிதாக. காரின் பின்பாகத்தை யாரோ பிடித்து உலுக்குவதுபோல இருந்தது. "ஏங்க, பின்னாடி என்னமோ ஆடுதுங்க" என்றாள் மனைவி. பின்சீட்டில் பேரன். கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. எப்படியோ மிதிக்காமல் இருந்துவிட்டேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுபதுக்கு இறங்கியதும் ஆட்டம் அடங்கியது. அந்தச் சில வினாடிகளில் பிரேக்கை அழுத்தியிருந்தால் டிரெய்லர் காரை முந்தப் பார்த்திருக்கும். அன்று மீன் பிடிக்கப் போகவில்லை. அடுத்த வெளிவழியில் இறங்கி, அறுபதிலேயே வீடு திரும்பினோம்.

"காற்றுதான் காரணம்" என்றார்கள் நண்பர்கள். "வயசாயிடுச்சு, மருமகனை ஓட்டச் சொல்லுங்க" என்றார் ஒருவர். காற்றும் வயதும் இருக்கட்டும், முதலில் எடையைப் பார்ப்போம் என்று குளியலறையில் கிடந்த எடைக் கருவியை எடுத்துக்கொண்டு வந்தேன். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அதன் மூக்கை, அதாவது காரின் இரும்புக் குண்டைக் கவ்வும் பகுதியை, காரில் மாட்டும் அதே உயரத்தில் ஒரு மரக்கட்டை வழியாகக் கருவியின்மேல் இறக்கினேன். 30 கிலோ காட்டியது.

எடைமேடையில் மொத்தமாக நிறுத்தபோது டிரெய்லரும் படகும் சேர்ந்து 720 கிலோ. இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு, மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் குண்டின்மேல் அழுத்த வேண்டும் என்பது. எனக்கு 70 அளவில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 4 விழுக்காடு. மூக்கு லேசாகி, பாரம் ஆக்ஸிலுக்குப் பின்னால் அதிகமானால், சிறு தள்ளல் போதும், வால் ஆட்டத் தொடங்கிவிடும். வேகம் கூடக்கூட அந்த ஆட்டமும் கூடும். அதற்காக மூக்கில் அளவுக்குமேல் ஏற்றுவதும் தப்பு. காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளர்ந்துவிடும். காரின் கையேட்டிலேயே அதற்கொரு உச்சவரம்பு போட்டிருப்பார்கள்.

மருமகன் வந்து பார்த்தார். "மாமா, நீளம் சரியாத்தானே இருக்கு? படகும் நாலரை மீட்டர், டிரெய்லரும் நாலரை மீட்டர் படகுக்குன்னுதானே விக்கிறாங்க?" எல்லோரும் சறுக்குவது இங்கேதான். நீளம் ஒன்றை வைத்துக்கொண்டு செருப்புகூட வாங்க முடியாது.

இருவரும் தரையில் படுத்துப் பார்த்தோம். படகின் அடிவயிற்றைத் தாங்க, கம்பளம் சுற்றிய இரண்டு நீளக் கட்டைகள் இருக்கின்றன. அவை படகின் பின்பலகை வரைக்கும் வந்து அதைத் தாங்க வேண்டும். நூறு கிலோவுக்குமேல் கனக்கும் மோட்டார் தொங்குவது அந்தப் பலகையில்தானே. என் படகிலோ கட்டை முடிந்து ஒரு சாண் தள்ளிப் பின்பலகை அந்தரத்தில் நின்றது. பத்து வருஷம் அப்படியே நின்றிருக்கிறது! அடிப்பாகத்தில் ஒரு நீளமான இரும்பு அளவுகோலை ஒட்டி வைத்தால், கட்டை முடிகிற இடத்தில் இடைவெளி வழியே வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பின்னால் தளம் கீழ்நோக்கி வளைந்திருந்தது. தண்ணீரில் வேகமெடுத்தால் இந்தப் படகு ஏன் மூக்கைக் கீழே அழுத்துகிறது என்று ஒரு வருஷமாக மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வளைவு சிறியதுதான், ஆனால் இனி நிமிராது.

மருந்து எளிது. படகின் முன்மூக்கைத் தாங்கும் வின்ச் கம்பம் நிலையாகப் பற்றவைத்ததல்ல. யு வடிவ போல்ட்டுகளால் இறுக்கியது. அதை 20 சென்டிமீட்டர் முன்னே தள்ளினால் படகும் அவ்வளவு முன்னே வரும். படகு, மோட்டார், பெட்ரோல் சேர்ந்து 500 கிலோ. ஆக்ஸிலுக்கும் குண்டுக்கும் இடையே 3.6 மீட்டர். 500-ஐ 0.2-ஆல் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28. பள்ளிக்கூட நெம்புகோல் கணக்கு, அவ்வளவுதான். முன்னே தள்ளினால் காரின் பின்கதவு படகில் இடிக்குமா என்று மட்டும் முன்கூட்டியே அளந்துகொண்டோம்.

உலர்ந்த கம்பளக் கட்டைமேல் 500 கிலோவை இழுக்க முயல்வது முட்டாள்தனம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டமில்லாத நேரத்தில், படகு இறக்கும் சரிவுக்குப் போனோம். மருமகன் படகை மிதக்கவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் டிரெய்லரை மேலே கொண்டுவந்து, மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தி, கம்பத்தை நகர்த்தி இறுக்கினேன். திரும்ப ஏற்றினால் புதுச் சிக்கல். படகு முன்னே வந்ததில், அதன் அடிப்பாகம் கட்டைகளின் முன்முனையில் உட்கார்ந்து, பாரம் முழுவதும் அங்கே விழுந்தது. மீண்டும் இறக்கி, முன் பிராக்கெட்டுகளை இரண்டு விரற்கடை தாழ்த்தினோம். மூன்றாவது தடவைதான் கட்டை முழு நீளத்துக்கும் ஒட்டியது. வீட்டுக்கு வந்து நிறுத்தால் 58. பின்னால் கிடந்த நங்கூரத்தையும் சங்கிலியையும் அணியத்துப் பெட்டிக்கு மாற்றியதும் 63. இப்போது 100-ல் லாரி கடந்தாலும் கார் ஒரு சிறு பெருமூச்சோடு சரி.

செலவு? கம்பத்துக்கு நான்கு புதிய போல்ட், அரைநாள் உழைப்பு. என் கோபமே இதில்தான். விற்கிறவர், அதுவும் கடை வைத்து விற்கிறவர், இந்த அரைநாளைச் செலவிட்டு, காரின் குண்டில் எத்தனை கிலோ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன? மொத்தம் 750 கிலோவைத் தாண்டாத டிரெய்லருக்கு இங்கே பிரேக்கே கட்டாயமில்லை. அதனால்தான் என்னைப்போன்ற சின்னப் படகுக்காரர்கள் நிறையப் பேர், பிரேக் இல்லாத வண்டியில், யாரும் நிறுத்துப் பார்க்காத பாரத்தை இழுத்துக்கொண்டு போகிறோம்.

நண்பர் ஒருவருக்கு இதே நோய். அவர் கண்டுபிடித்த வைத்தியம், படகின் முன்பக்கம் ஒரு மணல் மூட்டை. "ஆட்டம் நின்னுடுச்சு சார், அப்புறம் என்ன?" என்கிறார். மூக்கில் எடை ஏறியது உண்மைதான். பின்பலகை இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது, மொத்த எடையும் அனாவசியமாகக் கூடிவிட்டது. போதாததற்கு, படகை இறக்கும்போது மூட்டையைத் தூக்கிக் கீழே வைக்க வேறு ஆள் தேட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். ஸ்பேனரையும் எடைக் கருவியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.