பிள்ளை பெற எந்த ஊர் நல்ல ஊர்?

"பிரான்சுலே வாழ்க்கைப்பட்ட பொண்ணுக்கு என்ன குறைச்சல்?" காரைக்காலில் இந்தப் பேச்சு எழாத கல்யாண வீடே கிடையாது. 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962-ல் ஒப்பந்தம் முழுமையாக அமலுக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. அதனால் எங்களூர்க்காரர்களுக்குப் பாரிஸ் என்றால் கும்பகோணத்துக்கு அடுத்த ஊர் மாதிரி!

என் தங்கையும் அப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பாரிஸுக்கு வெளியே நாலாவது மாடியில் குடித்தனம் நடத்துகிறாள். போன வருஷம் தலைப்பிரசவம். எனக்கு இரண்டும் காரைக்காலில் பிறந்தவை. சம்பளம் எவ்வளவு, கார் இருக்கிறதா என்று இரண்டு ஊரையும் எடை போட எனக்குப் பிடிக்காது. பிள்ளை பெற்றவளை எந்த ஊர் எப்படிப் பார்த்துக்கொள்கிறது? அதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

அங்கே வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முதல் பிரசவத்துக்கு 16 வாரம் விடுப்பு. 2021 ஜூலையிலிருந்து தகப்பனுக்கும் 28 நாள். நம் நாட்டில் 2017-ல் 26 வாரமாக உயர்த்தினார்களே என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிற பெண்ணுக்கு யார் விடுப்புக் கொடுப்பது? பிரசவத்தில் தாய் இறப்பதைப் பாருங்கள். 2018-20 கணக்கின்படி நம் நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 97 பேர். பிரான்சில் அது பத்தை ஒட்டித்தான்.

இதெல்லாம் பெரிய விஷயம். என்னை அசர வைத்தது ஒரு சின்ன விஷயம். பிரசவமாகி ஆறு வாரம் கழிந்ததும் டாக்டர் என் தங்கைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாராம். மருந்துச் சீட்டு இல்லை, தேகப்பயிற்சிச் சீட்டு! பிரசவத்தில் தளர்ந்துபோன அடிவயிற்றுத் தசைகளை இறுக்குவதற்குப் பத்து முறை போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். சொல்லித் தருபவர் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவச்சி. செலவு அரசாங்கக் காப்பீட்டுடையது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கினால் நாலு சொட்டு சிறுநீர் கசிகிறது. அதை மாமியாரிடம் சொல்ல முடியுமா? புருஷனிடம்தான் சொல்ல முடியுமா? 'ரெண்டு பெத்தா அப்படித்தான்' என்று அடக்கிக்கொண்டு, கல்யாணம் கார்த்திகைக்குக்கூடப் போகாமல் ஒதுங்கிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். சகோதரிகளே, இது தலைவிதி இல்லை. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள் தசையை இறுக்கி, ஐந்து வரை எண்ணித் தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. மூச்சைப் பிடிக்க வேண்டாம். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். ஆபரேஷன் ஆனவர்களும் வலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். சில வாரம் விடாமல் செய்தால்தான் குணம் தெரியும். மூன்று மாதம் செய்தும் கேட்காவிட்டால் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவு இருந்தும் என் தங்கை ஒரு நாள் ராத்திரி போனில் அழுதாள். "அக்கா, இங்கே பேப்பர்லே எல்லாம் சரியா இருக்கு. குழந்தை அழுதா தூக்கறதுக்குத்தான் ஆளில்லே" என்றாள். டிசம்பர் மாதம், மாலை ஐந்து மணிக்கே இருட்டு. புருஷனுக்கு 28 நாள் விடுப்பு முடிந்துவிட்டது. எனக்கோ அந்த நாற்பது நாளில் குழந்தையை நானே எப்போது தூக்கினேன் என்றுகூட நினைவில்லை. அம்மா, அத்தை, எதிர்வீட்டு ஆச்சி என்று கை மாறிக்கொண்டே இருக்கும். பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் இருக்கிற இடத்துக்கே வரும். (கூடவே 'தண்ணி குடிக்காதே, வயிறு போடும்' என்கிற உபதேசமும் வரும். அதைக் கேட்காதீர்கள். பால் கொடுக்கிறவள் தாகம் தீரக் குடிக்கத்தான் வேண்டும்.)

தனிமை பிள்ளை பெற்றவளை என்ன செய்யும் என்பது அந்த அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து, பிரசவமான நாலாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் ஒரு மருத்துவரோ மருத்துவச்சியோ தாயுடன் உட்கார்ந்து அவள் மனநிலையைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். என் தங்கையிடமும் பேசினார்கள். 'தூக்கம் வருகிறதா? அழுகை வருகிறதா?' என்று கேட்டார்களாம். இங்கே எனக்குப் புட்டு ஊட்டிய பத்துப் பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. கூட்டம் நிறைந்த வீட்டிலும் பிள்ளை பெற்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுண்டு. 'திமிர்' என்று பேர் வைத்துவிட்டுப் போய்விடுவோம்.

அம்மாவை அனுப்புவது என்று முடிவாயிற்று. விசா 90 நாளைக்குத்தான் கிடைத்தது. பெட்டி கட்டும்போது ஒரே சண்டை. அந்த நாட்டுக்குள் நெய், பால்கோவா எதுவும் கொண்டுபோகக் கூடாது, பால் பண்டங்களுக்குத் தடை. கருவாட்டுக்குத் தடையில்லை, 20 கிலோ வரை விடுவார்களாம்! அம்மா நெய் ஜாடியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பால் சுறாக் கருவாட்டை ஏழு சுற்றுப் பாலிதீனில் கட்டிக்கொண்டிருக்கிறாள். விமானத்தில் வாடை வந்தால் என்ன செய்வாய் என்றேன். "வந்தா வரட்டும்டி, அவங்களும் பெத்தவங்கதானே" என்கிறாள்.