டிராக்டருக்கு டர்போ தேவையா?

புது டிராக்டர் வாங்கப் போனால், "இது டர்போ வண்டி" என்று ஷோரூமில் பெருமையாகச் சொல்வார்கள். வருடக்கணக்கில் தவணை கட்டப்போகும் விவசாயி, கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் அது என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது.

டீசல் எரியக் காற்று வேண்டும். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் இறங்கும்போது உறிஞ்சும் காற்று மட்டும்தான் உள்ளே போகும். டர்போவில், வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசலையும் கூட்டலாம். அதே அளவு இன்ஜினில் கூடுதல் சக்தி கிடைக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே பதிவுசெய்த யோசனை இது. 1961-ல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் டி-19 டீசல் டிராக்டர், தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தப்பட்டு வந்தது.

யாருக்கு எது?

ரோட்டாவேட்டர், கரும்பு டிரெய்லர் என்று நாள் முழுக்க வாடகைக்கு ஓட்டுபவருக்கு டர்போ கைகொடுக்கும். மலைப்பகுதிக்கும் ஏற்றது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே சாதாரண இன்ஜின் திணறும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டும்.

நாலைந்து ஏக்கர் சொந்த நிலம், வருடத்தில் சில நாள் உழவு, எரு அடிப்பது, நெல் மூட்டை ஏற்றுவது என்றால் சாதாரண இன்ஜினே போதும். பாகங்கள் குறைவு, பராமரிப்பும் எளிது. 45 ஹெச்.பி. என்றால் இரண்டிலும் 45 ஹெச்.பி.தான். எனவே பானெட்டில் எழுதியிருப்பதைப் பார்ப்பதைவிட, பி.டி.ஓ. ஹெச்.பி., டார்க் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி.

இரண்டு நிமிடப் பொறுமை

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். அதன் பேரிங்கைக் காப்பாற்றுவது இன்ஜின் ஆயில்தான். கடுமையாக உழுதுவிட்டு உடனே இன்ஜினை நிறுத்தினால், ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். சூட்டில் தங்கிய ஆயில் கருகிக் கரியாகும், பேரிங் தேயும். அதனால் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கக் கூடாது. ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்து, கம்பெனி சொன்ன ஆயிலைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

டிரைவர் வைத்து ஓட்டுபவர்கள், சாவியைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.