நாலு அட்மிட் வந்திருக்காமே!

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்: "பையனுக்கு யூஎஸ்ல நாலு அட்மிட் வந்திருக்கு." எந்தப் படிப்பு என்றால் "எம்.எஸ்." என்பதோடு சரி.

பெற்றோர்களே, அமெரிக்காவில் பிஎச்.டி. இடம் வேறு, எம்.எஸ். இடம் வேறு. பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் தரும், அதனால் சலித்தெடுப்பார்கள். எம்.எஸ்.ஸுக்குப் பணம் கட்டுவது நாம். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை நம்பியே பல துறைகளின் வண்டி ஓடுகிறது. உங்கள் பிள்ளை கெட்டிக்காரனாகவே இருக்கட்டும், அந்த அட்மிட் கடிதம் அதற்குச் சான்றிதழ் அல்ல.

"நம்ம பசங்க போய்க்கிட்டுத்தானே இருக்காங்க?" என்பீர்கள். அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களைக் கணக்கெடுக்கும் 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கைப்படி 2023-24இல் அங்கிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602, சீனாவை முந்தினோம். அடுத்த ஆண்டு 3,63,019. கன்சல்டன்சிக்காரர் இதோடு நிறுத்திக்கொள்வார். அதே அறிக்கையில், மேற்படிப்பில் இருக்கும் இந்தியர்கள் அந்த ஆண்டு ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தார்கள். பெருமளவு கூடியது ஓபிடியில் இருப்பவர்கள், அதாவது படிப்பை முடித்து வேலை அனுமதியில் காலம் தள்ளுபவர்கள். அந்த ஓபிடி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்பென்றால் இன்னும் 24. முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்குமேல் வேலையில்லாமல் இருந்தால் விசா நிலையே ஆட்டம் கண்டுவிடும். இதை எத்தனை அப்பாக்கள் கேட்டிருக்கிறீர்கள்?

2025 மே கடைசியில் தூதரகங்கள் புதிய மாணவர் விசா நேர்காணலுக்கு நேரம் ஒதுக்குவதை மூன்று வாரம்போல நிறுத்தின. ஃபால் பருவ வகுப்புகளுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான்! விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் கையில் இருந்தும் ஸ்லாட் இல்லை.

கன்சல்டன்சி அறையில் நாம் உட்காரும் அழகைச் சொல்லவேண்டும். அப்பா லோன் வட்டியை விசாரிப்பார். அம்மா அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பார். படிக்கப்போகிறவன் போனைத் தடவிக்கொண்டிருப்பான். ஏன் படிக்க வருகிறேன் என்று மாணவர் எழுதவேண்டிய எஸ்ஓபியைக்கூடக் கன்சல்டன்சிக்காரர்களே எழுதித் தருகிறார்களாம், நமக்கு அதில் நிம்மதி வேறு! பல கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. அவர்கள் நீட்டும் பட்டியல் யாருக்குத் தோதாக இருக்கும்? விசா அதிகாரி "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்கும்போது முட்டுக்கொடுக்க நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

போன வருஷம் அதே துறையில் முடித்த சீனியர்கள் இரண்டு மூன்று பேரைப் பிள்ளையே தேடிப் பிடித்துப் பேசட்டும். வேலை கிடைத்ததா, எத்தனை மாதத்தில், என்ன சம்பளம், கடன் தவணையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வரட்டும். அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவைவிட்டு வெளியே வர வேண்டாம்.